சைக்கிள் பார்க்க ஒரு விசா

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை லண்டன் மனோர் பார்க் கோயில் வாசலில் என் சைக்கிளைக் கம்பி வேலியோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, செத்த வீட்டில் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"என்ன தம்பி, வேலை இல்லாமல் போச்சோ?"

"இல்லை ஐயா, வேலை இருக்கு."

"அப்ப லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?"

"இல்லை. கார் வீட்டில நிக்குது."

வேறு காரணம் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. "எல்லாத்துக்கும் முருகன் இருக்கிறான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த அனுதாபம் விளங்காது. யுத்தத் தடையால் அங்கே பெற்றோல் இல்லை. டாக்டரும் பள்ளிக்கூட அதிபரும் சைக்கிளில்தான் போய்வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். இங்கே சைக்கிள் ஓடும் தமிழன் என்றால் நேற்று வந்து இறங்கியவனாக இருக்க வேண்டும், அல்லது குடித்துவிட்டுக் காரோடு பிடிபட்டவனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மற்றவர்களுக்குப் பெற்றோல் விற்றுவிட்டு, பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் ஆட்களிடையே எனக்குப் பெயர் 'சைக்கிள் தர்மர்'. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்குக்கூட இங்கே பட்டம் நிலைப்பதில்லை, எனக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் என் உண்மையான வியாதி சைக்கிள் ஓடுவதல்ல. சைக்கிள் ஓட்டப் போட்டி பார்ப்பது. அதிலும் வசந்தகாலத்துப் போட்டிகள். மார்ச் பிறந்ததும் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் அவை தொடங்கிவிடும். வசந்தம் என்றதும் பூவையும் குயிலையும் நினைக்க வேண்டாம். குளிர், மழை, முகத்தில் அறையும் காற்று. நல்ல தார்வீதிகள் எவ்வளவோ இருக்க, பழைய காலத்துக் கருங்கல் பதித்த ஒழுங்கைகளாகத் தேடிப் பிடித்து, அவற்றின் மேல் இருநூறு பேரை ஓடவிடுகிறார்கள். விழுகிறார்கள், எழும்புகிறார்கள், திரும்பவும் ஓடுகிறார்கள். பிரான்சில் நடக்கும் ஒரு போட்டியில் வென்றவருக்கு அந்த வீதிக் கல்லில் ஒன்றையே பரிசாகத் தூக்கிக் கொடுப்பார்கள். அவரும் அதை முத்தமிடுவார்.

எங்கள் ஊரில் கிராமசபைக்காரர் கல்லைப் பரப்பிவிட்டுத் தார் ஊற்ற மறந்துபோன வீதியில் நான் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஓடினேன். ஒருவர்கூடப் பூச்செண்டு தரவில்லை.

2

எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தேன். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டில் பொடியன்கள் பலர் ஒன்றாக இருந்தோம். எல்லோருக்கும் அகதி வழக்கு நடந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. காத்திருக்க மட்டும் அனுமதி இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் யாரோ ரீவியைத் தட்டியபோது திரையில் சேற்றால் மூடிய மனிதர்கள் வந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், வாயைப் பிளந்துகொண்டு, கல்லின் மேல் குலுங்கிக் குலுங்கி வந்தார்கள்.

"உவங்களும் எங்கேயோ இருந்து தப்பித்தான் வாறாங்கள்போல" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சனலை மாற்றினார்கள். நான் எழுந்து போய்த் திரும்பவும் மாற்றினேன். அன்றைக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு வானொலியில் பிரெஞ்சு நிலையம் தேடிப் பிடித்துக் கேட்டேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அறிவிப்பாளரின் குரல் உயர்ந்தால் யாரோ முந்துகிறார்கள், தாழ்ந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள். இந்த அளவு பிரெஞ்சு ஒரு மனிதனுக்குப் போதும்.

வேலை செய்ய அனுமதி கிடைத்துச் சேர்ந்த பெற்றோல் ஷெட்டில் எங்கள் முகாமையாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அன்பானவர். ஒருமுறை அவர் என் பொழுதுபோக்கைக் கேட்டபோது, போட்டிகளை ஆங்கிலத்தில் அழைக்கும் பெயரைச் சொல்லி, "எனக்குக் கிளாசிக்ஸ் என்றால் உயிர்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கிறிஸ்மஸுக்கு ஒரு வயலின் கசெட்டைப் பொதி சுற்றித் தந்தார். நான் சைக்கிளைத்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து அந்த ஷெட்டில் நான் ஒரு சங்கீத ரசிகன்.

பிறகு விசாவும் கல்யாணமும் வீடும் வந்தன. மனோ வந்தாள், அபி பிறந்தாள். தொண்ணூறுகள் பிறந்ததும் கூரையில் ஒரு டிஷ் பூட்டினேன். டிஷ்ஷில் ஐரோப்பிய சனல்கள் வரும் என்று தெரிந்ததும், நான் ஞாயிறு முழுக்க அதன் முன்னால் இருப்பதற்கு எங்கள் ஆட்கள் என்ன காரணம் கற்பித்தார்கள் என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத ஏலாது.

வீட்டுக்குள்ளும் மரியாதை அவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அபி வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்பா ஸண்டேயில என்ன செய்யிறவர், தமிழில?" என்று கேட்டிருக்கிறாள். மனோ சமையல் அலுவலில் நின்றுகொண்டு, "உந்தச் சைக்கிளைக் கும்பிடுறவர்" என்றிருக்கிறாள். பிள்ளை அதை அழகான எழுத்தில் அப்படியே எழுதிவிட்டது. அடுத்த கிழமை ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் சைவ சமயம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று விசாரித்தார்.

3

ஒருமுறையாவது பெல்ஜியம் போய், வீதியோரத்தில் நின்று அந்தப் போட்டியைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மனோவிடம் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் பாப்பியள்?"

"ஒரு இடத்தில நிண்டா ஒரு நிமிசம் வரும்."

"ஒரு நிமிசத்துக்குக் கடல் தாண்டிப் போகப்போறியளோ?"

அவளைச் சம்மதிக்க வைத்தது என் வாதத் திறமை அல்ல. அவளுடைய தம்பி குகன். அவனும் எங்களைப்போல ஊரைவிட்டுப் புறப்பட்டவன்தான். லண்டன் வருவதாகச் சொல்லி, ஏஜென்சிக்காரன் பெல்ஜியத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கென்ட் நகரத்தில் இருந்தான். அகதி வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்தது, ஒரு பேக்கரியில் வேலையும் கிடைத்தது. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பவன், ஒரு வருடத்துக்கு மேலாக எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தால், "வேலை அக்கா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவான். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி ஆள்விட்டு ஆள் மூலம் கேட்டுக்கொண்டேயிருந்தார்: என்ரை பிள்ளை சுகமாயிருக்கிறானோ?

"சரி, போங்கோ" என்றாள் மனோ. "போய் அவன் முகத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ. இந்தப் படத்தையும் குடுங்கோ."

படத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வேலாயுதம் அண்ணையின் மனைவிக்குத் தமக்கையின் மகள், பெறாமகள் முறை. சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

4

விசாக் கந்தோரில் எனக்கு வாய்த்த பெண் அதிகாரி மூக்கில் கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை விரலின் நுனியால் புரட்டினார்.

"பயணத்தின் நோக்கம்?"

"சைக்கிள் ஓட்டப் போட்டி."

"கலந்துகொள்ளப் போகிறீர்களா?"

"இல்லை. நிற்கப் போகிறேன்."

"நிற்கவா?"

"அவர்கள் ஓடுவார்கள். நான் நிற்பேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். உண்மையான ரசிகனா என்று சோதிக்க நினைத்தார் போலும். போட்டியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு மனிதப் பிறவி என்னிடம் கேட்காத கேள்வி. நான் தொடங்கிவிட்டேன். எந்த மேட்டில் கல் எப்படி, எந்தத் திருப்பத்தில் காற்று எந்தப் பக்கம், கடந்த வருடம் வென்றவர் எங்கே நழுவினார், அதற்கு முந்திய வருடம் யார் யாரை ஏமாற்றினார். அவர் முகம் மலரவில்லை, சுருங்கிக்கொண்டே போனது. எழுந்து போய் இன்னொரு அதிகாரியைக் கூட்டிவந்தார்.

"இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றார், குற்றச்சாட்டு வாசிப்பதுபோல.

மற்றவர் குனிந்து கேட்டார். "யார் சொல்லிக்கொடுத்தது?"

தெரியாவிட்டால் பொய்யன், தெரிந்தால் தயார்படுத்தி அனுப்பப்பட்ட பொய்யன். கடைசியில் அந்தப் பெண் கேட்டார்: "பெல்ஜியத்தில் உறவினர் யாராவது இருக்கிறார்களா?"

"மனைவியின் தம்பி" என்றேன்.

இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. "இதை முதலே சொல்லியிருக்கலாமே!" நோக்கம்: குடும்பச் சந்திப்பு. முத்திரை விழுந்தது.

இந்தச் செய்தி ஃபாரஸ்ட் கேட்டில் பரவ ஒரு நாள்கூட எடுக்கவில்லை. வேலாயுதம் அண்ணை கடைக்குள் என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, என்ரை மருமோன் ஒருத்தன் பாரிஸில நிக்கிறான். வரேக்க அவனையும் ஒருக்கால் கொண்டந்து விடுவீரோ?"

"அண்ணை, நான் ஆக்களைக் கொண்டுவரப் போகேல்லை. சைக்கிள் பாக்கப் போறன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல ஒரு கண்ணைச் சிமிட்டினார். "ஓமோம், சைக்கிள். நல்ல பேர். வெளியில நானும் உப்பிடியே சொல்லுறன்."

அதன் பிறகு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் எடுத்தார்கள். சவுத்தாலில் இருந்துகூட ஒருவர். "அண்ணை, ஒரு சைக்கிள் விசயமாக் கதைக்கோணும். பெரிய சைக்கிள் ஒண்டு, சின்னச் சைக்கிள் ரெண்டு. ஜெர்மனியில நிக்குது."

5

பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் துறைமுகத்தில் கப்பலால் இறங்கியதும் குடிவரவு அதிகாரி என் புத்தகத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். பட்டறிவு வந்துவிட்டதல்லவா? நெஞ்சை நிமிர்த்தி, "குடும்பச் சந்திப்பு" என்றேன்.

"பாவம்" என்றார் அவர். "ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரிய சைக்கிள் போட்டி. உங்களுக்கு நேரம் இருக்காது."

கென்ட் ஸ்டேஷனில் குகன் காத்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கொழுத்து, நிறமும் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பொன்னிறத் தலைமயிரோடு ஒரு வெள்ளைக்காரப் பெண், குழந்தை வண்டியைப் பிடித்தபடி நின்றாள். போக வழி கேட்கிறாள் என்று நினைத்து நான் விலகினேன். அவள் போகவில்லை.

"அத்தான், இது லீவ" என்றான் குகன்.

"நல்லது. எத்தினை நாள் லீவு?"

"வேலையில லீவு இல்லை அத்தான். இவவின்ரை பேர் லீவ."

அப்போதுதான் குழந்தை வண்டிக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே, சின்ன உதட்டுக்குக் கீழே என் மாமியின் நாடி. என் மாமியின் நெற்றி. கண் மட்டும் சாம்பல் நிறம். மீரா என்று பெயராம்.

"ஏன்ரா சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது அத்தான்? அக்கா போனில ஒவ்வொரு முறையும் பொம்பிளை பாக்கிற கதைதான். அவ வைச்ச பிறகு, அடுத்த முறை சொல்லுவம் எண்டு நினைப்பன். பிறகு பிள்ளை பிறந்திட்டுது. பிறகு சொல்ல ஏலாமலே போச்சு."

நான் அவனை ஏசியிருக்க வேண்டும். மனோ என்னை அனுப்பியது அதற்குத்தான். ஏச வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் என்னை லீவயின் தகப்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் பெயர் மார்செல். துணி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உள்ளே போனேன், சுவர் நிறையச் சைக்கிள்காரர்கள். எங்கள் வீடுகளில் சாமிப் படம் இருக்கும் இடத்தில், சேற்றோடு, வாயைப் பிளந்தபடி.

அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவருடைய பிளெமிஷ் மொழி வராது. நான் ஒரு படத்தைக் காட்டிப் பெயரைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். இன்னொரு பெயரைச் சொன்னேன். தரையில் துப்புவதுபோலக் காட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஓட்டக்காரர் என்னுடைய ஆள். நாங்கள் வெறும் பெயர்களாலேயே மேசையில் தட்டித் தட்டிச் சண்டை பிடித்தோம். லீவ பயந்து குகனைக் கூப்பிட்டாள். லண்டனில் இவ்வளவு காலத்தில் இப்படி மனம்விட்டு நான் ஒருவரோடும் கதைத்ததில்லை.

அந்தச் சந்தடியில் என் கோட்டுப் பையிலிருந்து நீலச் சேலைப் படம் கீழே விழுந்தது. லீவ எடுத்துப் பார்த்தாள். "அழகான பெண். யார்?" குகன் என்னைப் பார்த்தான். நான் மார்செலைப் பார்த்தேன். "கசின்" என்றான் குகன். லீவ அதை ஆசையோடு கொண்டுபோய், குடும்பப் படங்களின் நடுவில், ஒரு சட்டத்துக்குள் செருகி வைத்துவிட்டாள்.

ஞாயிறன்று கல் பதித்த ஒரு மேட்டில் மழைக்குள் நின்றோம். காலை முழுக்க அங்கேயே நின்றோம். திடீரென்று ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. போட்டியைப் படம் பிடிக்கும் ஹெலிகொப்டர்தான், சனம் கைதட்டியது. நான் ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டிப்போய்க் குந்தியிருந்தேன். பக்கத்தில் பார்த்தேன், குகனும் குந்தியிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உடுப்பைத் தட்டிவிட்டு எழும்பினோம். லீவ என்ன என்று கேட்டாள். சப்பாத்து நாடா என்றான் குகன்.

ஓட்டக்காரர்கள் வந்தார்கள். வருவதற்கு ஒரு கணம் முன்னால், தான் கத்துவதற்குக் கை வேண்டும் என்று மார்செல் மீராவைத் தூக்கி என் கைக்குள் வைத்துவிட்டார். சேறும், தைல மணமும், மூச்சு வாங்கும் சத்தமும், கல்லின் மேல் சங்கிலி அடிக்கும் ஓசையும் எல்லாம் ஒரேயடியாகக் கடந்து போயின. குழந்தை நனைந்துவிடும் என்று கோட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததில், யார் முன்னால் போனார் என்பதை நான் பார்க்கவே இல்லை. மீரா கொட்டாவி விட்டாள்.

6

வீட்டுக்கு வந்ததும் மனோ கேட்டாள்.

"குகன் எப்பிடி?"

"நல்லாயிருக்கிறான். கொழுத்திருக்கிறான். அங்க மழை, மனோ, நீர் நம்பமாட்டீர்..."

"படம் குடுத்தனீங்களோ?"

"படம் வீட்டில சட்டம் போட்டு வைச்சிருக்கு."

அவள் முகம் பூரித்துப்போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்வதைவிடக் கல்வீதியில் குப்புற விழுவது மேல். சொன்னேன். பெண்ணின் பெயர் லீவ என்றேன். வேலைக்குப் போகாத பெட்டையோ என்றாள். குழந்தை இருக்கிறது என்றேன். பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வேலாயுதம் அண்ணை கேட்டார், நன்றாகவே கேட்டார். "சைக்கிள் எண்டு சொல்லி எங்கட பிள்ளையின்ரை படத்தைக் கொண்டுபோய் வெள்ளைக்காரியின்ரை வீட்டில தொங்கவிட்டிட்டு வந்திருக்கிறீர்." அதன் பிறகு அவர் கடையில் எனக்குப் பழுதாகாத கத்தரிக்காய் கிடைத்ததில்லை.

அதெல்லாம் பெரிதில்லை. மனோ குகனின் போனை எடுக்கவில்லை. அவன் அழுதுகொண்டு என்னோடு கதைப்பான். அவள் தண்ணீர்க் குழாயை உரக்கத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவுவாள். ஒருநாள் மட்டும் சொன்னாள். "அவன் கலியாணம் செய்ததுக்கில்லை. ஒரு குழந்தை பிறந்து, அது தவழ்ந்து, இவ்வளவு காலமா எனக்குத் தெரியாது. நான் அவனுக்கு ஆர்? அம்மா கேட்டா என்ன சொல்லுவன்?" அந்த வருடத்தின் மிச்சப் போட்டிகளை நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்.

வழியைத் திறந்தவள் அபி. பத்து வயதுதான், அதற்குள் எங்களோடு ஆங்கிலம், அறைக் கதவு எப்போதும் பூட்டு. எங்கள் போன் பில் ஏன் ஏறுகிறது என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் மாதக்கணக்காக லீவயோடு கதைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருநாள் தபாலில் மீராவின் படம் வந்தது. அபி அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் மனோவின் முன்னால் வைத்தாள்.

"அம்மா, மாமாவின்ரை மகள் எனக்கு என்ன முறை?"

மனோ வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"மச்சாள்" என்றாள் அபி. "ஸ்கூலில படிச்சனான். எனக்கு ஒரேயொரு மச்சாள் இருக்கு. நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

தமிழ் மறந்துபோகிறதே என்று நாங்கள் கவலைப்பட்ட பிள்ளை அவ்வளவும் தமிழில் கேட்டாள். மனோ படத்தை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "அம்மாவின்ரை நாடி" என்றாள்.

7

அடுத்த ஏப்ரலுக்கு இரண்டு பேருக்கு விசா கேட்டோம். அபி இங்கே பிறந்தவள், அவளுக்கு விசா தேவையில்லை. மனோவிடம் அதிகாரி நோக்கத்தைக் கேட்டார். தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு ரோசம் விடவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சைக்கிள் ஓட்டப் போட்டி."

அதே பெண் அதிகாரிதான். கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் அவசரமாக, "குடும்பச் சந்திப்பு" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு முத்திரையை எடுத்தார்.

கென்டில் மனோ லீவயைக் கட்டிப்பிடித்தாள், மார்செலுக்குக் கைகூப்பினாள், மீராவை வாங்கி இடுப்பில் வைத்தாள். குகன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். இரண்டு நாள் ஒரே வீட்டில், "மாமாட்டைச் சொல்லு தேத்தண்ணி ஆறுது எண்டு" என்று அபி மூலம்தான் கதை.

ஞாயிறு அதே மேட்டில் நின்றோம். மழைதான். மனோ சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, மீராவோடு ஒரு பக்கம் நின்றாள். குகனும் லீவயும் மறுபக்கம். ஓட்டக்காரர் கூட்டம் வந்தது, போனது. இந்த முறை யார் முன்னால் போனார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

"இவ்வளவுதானோ?" என்றாள் மனோ.

"இவ்வளவுதான்."

சனம் கதிரைகளை மடக்கத் தொடங்கியது. அப்போது கீழே திருப்பத்தில் ஒருவன் தனியாக வந்தான். நல்ல இளம் பிள்ளை. எங்கோ விழுந்திருக்கிறான், முழங்கால் வழியாக இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் சில்லு வழுக்கி வழுக்கிச் சுற்றியது. அவனுக்குப் பின்னால், நடக்கும் வேகத்தில், ஒரு வான் வந்தது.

"உந்த வான் ஏன் அவனுக்குப் பின்னால வருது?"

"கடைசியில வாறவனை ஏத்திக்கொண்டு போக."

"எங்க?"

நான் அவளைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பொடியன்களுக்குப் பின்னால் வந்து, ஏற்றியவர்களைத் திருப்பி இறக்காத வானைப் பற்றி இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "பயப்பிடாதையும். ஏறினா அவனுக்குப் போட்டி முடிஞ்சுது, அவ்வளவுதான்" என்றேன். அவள் காதில் அது விழவில்லை.

பொடியன் எங்களுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டான். ஒரு காலைக் கல்லில் ஊன்றிக் குனிந்தான். வானின் கதவு திறந்தது.

மனோ மீராவைத் தூக்கிக்கொண்டு வீதியைக் குறுக்கே கடந்தாள். நேரே குகனிடம் போனாள்.

"பிடியடா இவளை!"

குழந்தையை அவன் நெஞ்சோடு வைத்து அமர்த்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். "தம்பி, வானில ஏறாதை! ஏறாதையடா ராசா!" அந்தப் பொடியன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். இவள் அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளத் தொடங்கிவிட்டாள். கதிரை மடக்கியவர்கள் நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள். குகன் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறுபக்கம் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். "பெடலை உழக்கு, உழக்கு!" என்று தமிழில் கத்தினான். மார்செல் தன் மொழியில் கத்தினார். அபி ஆங்கிலத்தில் கத்தினாள். மேட்டின் உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சில்லு தானாக உருளத் தொடங்கியது. பொடியன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறக்கத்தில் இறங்கினான். வான் கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் போனது.

நான் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது, மனோ குகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலைக்கரை முழுக்கச் சேறு.

"உவன் எத்தினையாவது?" என்று என்னைக் கேட்டாள்.

"கடைசி."

"அதுக்கென்ன" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "உனக்கு அறிவிருக்கோடா? இந்தக் குளிருக்குள்ள பிள்ளையைத் தொப்பி இல்லாமலோ வைச்சிருக்கிறாய்?" என்று ஏசத் தொடங்கினாள். ஸ்டேஷனில் தொடங்கியிருக்க வேண்டிய ஏச்சு. மேட்டிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேரும்வரை அவள் நிறுத்தவே இல்லை. குகன் தலையைக் குனிந்துகொண்டு, ஓம் அக்கா, ஓம் அக்கா என்று சொல்லியபடியே நடந்தான்.